இன்வெர்ட்டர் 40 நிமிஷத்தில் நின்றுவிடுகிறது: மாற்ற வேண்டியது எது?

இன்வெர்ட்டரை மாத்தாதீங்க, கோளாறு பெரும்பாலும் பேட்டரியில்தான். கரண்ட் போனா 40 நிமிஷத்தில் நின்னுடுது, 150 ஏஎச் (ஆம்பியர் ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி, ரெண்டு ஃபேன், நாலு எல்இடி பல்புன்னு எழுதியிருக்கீங்க. அந்த ஃபேன், பல்பு எல்லாம் சேர்ந்து 200 வாட்கூட வராது. நல்ல பேட்டரின்னா அஞ்சு மணி நேரமாவது தாங்கணும். நாலு வருஷப் பேட்டரி 40 நிமிஷத்தில் படுத்துடுதுன்னா, தண்ணி குறைஞ்சு பிளேட்டில் சல்ஃபேட் படிஞ்சிருக்கும், இல்லைன்னா ஒரு செல் (பேட்டரிக்குள்ள இருக்கிற ஆறு அறைகளில் ஒண்ணு) போயிருக்கும். இன்வெர்ட்டரில் எரியுற பச்சை விளக்கை நம்பாதீங்க, செத்த பேட்டரிக்கும் அது எரியும்.

1. பேட்டரி மேல, ஒவ்வொரு செல்லிலும் தண்ணி எவ்வளவுன்னு காட்டுற ஆறு மிதவையையும் பாருங்க. சிவப்புக்கு இறங்கியிருந்தா டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊத்துங்க. ஆர்ஓ தண்ணி, ஆசிட் ரெண்டும் கூடாது.

2. ராத்திரி முழுக்க சார்ஜ் ஏத்திட்டு, காலையில் ஹைட்ரோமீட்டரால் (உள்ளே இருக்கிற ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டுற கருவி) ஒவ்வொரு செல்லா அளங்க. எல்லாமே 1240 பக்கத்தில் நின்னா பேட்டரி பிழைச்சுது. அஞ்சு செல் 1230 காட்டி ஒண்ணு மட்டும் 1150ன்னா, தண்ணி ஊத்திப் பிரயோஜனமில்லை, புதுசுதான்.

மூடியைத் திறக்கும்போது கையுறை, கண்ணாடி கட்டாயம். பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ வேண்டாம், ஹைட்ரஜன் வெளியேறும்.

தரைத்தளம்னு சொன்னீங்க. 2023 மிக்ஜாம் புயலில் சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணி புகுந்தது. பேட்டரி 50 கிலோவுக்கு மேல் இருக்கும். ஐப்பசி மழைக்கு முன்னாடியே உயரமான, காற்றோட்டமான மேடையில் ஏத்தி வெச்சிடுங்க.