இன அழிப்பின் நோக்கத்தை அரசு ஆவணங்களால் நிறுவ முடியுமா?

“அழிக்கச் சொல்லும் உத்தரவே இல்லாதபோது நோக்கத்தை எப்படி நிறுவுவது?” என்று கேட்டிருக்கிறீர்கள். 1948ஆம் ஆண்டு ஐ.நா. இன அழிப்புத் தடுப்பு உடன்படிக்கையின்படி, கொலைகள் நடந்தன என்று காட்டினால் மட்டும் போதாது. ஓர் இனத்தை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருந்ததையும் காட்ட வேண்டும். இதுவே வழக்கின் கடினமான பகுதி.

யூதர்கள் அனைவரையும் கொல்லுமாறு ஹிட்லர் கையெழுத்திட்ட ஆணை எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் 1942 ஜனவரி 20 அன்று பெர்லினின் வான்சே மாளிகையில் நாஜி பாதுகாப்புத் துறைத் தலைவர் ஹைட்ரிக் தலைமையில் 15 உயரதிகாரிகள் கூடிய கூட்டத்தின் குறிப்பு கிடைத்தது. எடுக்கப்பட்ட 30 படிகளில் 16ஆவது படி மட்டும் 1947இல் ஜெர்மன் வெளியுறவு அமைச்சகக் கோப்புகளுக்குள் அகப்பட்டது. அதில் ‘கொலை’ என்ற சொல் இல்லை. ‘கிழக்கே வெளியேற்றம்’ என்றே எழுதியிருக்கிறார்கள். எனினும், ஜெர்மனியின் பிடிக்குள் வராத இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து உட்பட நாடுவாரியாக 1.1 கோடிக்கும் மேற்பட்ட யூதர்களைக் கணக்கிட்டிருக்கும் பட்டியலும், கடும் உழைப்பில் பெரும்பகுதியினர் மடிந்த பின் எஞ்சுவோரைத் ‘தக்கவாறு நடத்த வேண்டும்’ என்ற வரியும் கொடியதை மறைத்துச் சொன்ன அந்த மங்கல வழக்கின் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. குறிப்பைத் தயாரித்த நாஜி அதிகாரி ஐக்மன், கூட்டத்தில் கொல்லும் முறைகள் வெளிப்படையாகவே பேசப்பட்டதாக 1961இல் ஜெருசலேம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

எனவே ஓர் ஆவணத்தைத் தனித்துப் படிக்கலாகாது என்பதே என் உறுதியான கருத்து. ரயில் அட்டவணைகள், படைப்பிரிவுகள் அனுப்பிய கொலைக் கணக்குகள், சாட்சியங்கள் ஆகியவற்றோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும். ருவாண்டா இன அழிப்பை விசாரித்த ஐ.நா. தீர்ப்பாயமும் 1998இல், அங்கு ஓர் ஊரின் மேயராக இருந்த அகயேசு மீதான வழக்கில், செயல்களின் போக்கிலிருந்தே நோக்கத்தை உய்த்துணரலாம் என்று ஏற்றுக்கொண்டது.