பையில் ஒரு பனந்துண்டு

பட்டறைக் கேள்வி - பதில்

தச்சுவேலை, மரம், கருவிகள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கோண்டாவிலில் நாற்பது ஆண்டாகப் பட்டறை நடத்தும் மூத்த தச்சர் ஒருவர் பதில் எழுதுகிறார்.

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. சாவகச்சேரியில் சின்னப் பட்டறை ஒன்று வைத்திருக்கிறேன். கதவு, யன்னல், அலுமாரி செய்வேன். தை மாதம் யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடக்கிற வர்த்தகக் கண்காட்சியில் பலகை சீவுகிற பிளேனர் மெசின் ஒன்று பார்த்து வாங்கலாம் என்று நினைக்கிறேன். கூட்டாளி ஒருவன், "இஞ்ச வாறது கொஞ்சம்தான், பெங்களூர் மரவேலைக் கண்காட்சிக்குப் போவம்" என்கிறான். எங்கே போவது? போனால் எதைப் பார்ப்பது?
- சாவகச்சேரி வாசகர்

பதில்: தம்பி, எந்த ஊர் என்பதைப் பிறகு சொல்கிறேன். பையில் என்ன கொண்டுபோகிறீர்கள் என்பதுதான் முதல் விசயம். பட்டறையில் கழிந்து கிடக்கிற மரத்தில் மூன்று துண்டு எடுங்கள். ஒன்று பனை, ஒன்று வேம்பு, ஒன்று முதிரை. ஒவ்வொன்றும் ஒன்றரை அடி நீளம், நாலு அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பு. அதைவிடக் குட்டையான துண்டை மெசினுக்குள் விடச் சொல்லிக் கேட்காதீர்கள். இழுக்கிற இரண்டு உருளைக்கும் இடையில் அகப்பட்டால் திருப்பி எறியும். பனந்துண்டு பழைய வீட்டுக் கைமரத்தில் வெட்டியது என்றால் ஆணி முறிந்து உள்ளே நிற்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். (பெண் பனையைத் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் அதே சட்டம்தான். அதனால் என்னிடம் வருகிற பனையில் பாதி பழைய கூரை மரம்.)

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2012இல் கொழும்பில் ஒரு கண்காட்சியில் நான் வெறுங்கையோடு போய் நின்றேன். விற்பனையாளர் ஒரு பைன் பலகையை உள்ளே விட்டார். மற்றப் பக்கத்தால் அது வந்தபோது கன்னத்தில் வைக்கலாம் போல இருந்தது. அன்றைக்கே காசு கட்டினேன். மெசின் வந்த கிழமையே ஒரு விடுதிக்காரர் பனையில் பன்னிரண்டு மேசை மேல்பலகை கேட்டார். மூன்றாவது பலகையில் மெசினின் சத்தம் மாறியது. ஐந்தாவதில் கறுப்பு நார்கள் பிய்ந்து எழும்பிவிட்டன. கத்தியைக் கழற்றிப் பார்த்தால் விளிம்பு பல்லுப் பல்லாய்ப் போயிருந்தது. விற்றவரிடம் மாற்றுக் கத்தி இல்லை. அது வந்து சேர ஆறு கிழமை. விடுதிக்காரர் வேறிடம் போய்விட்டார்.

மெசின் பழுதானதல்ல. அது பைனுக்கு நல்ல மெசின். வேம்புக்கும் முதிரைக்கும் வைரம் நடுவில் இருக்கும். பனைக்கு வைரம் வெளியே, நடுவில் மெத்தென்ற சோற்றி. அந்த வெளி வைரத்திலும் கம்பி போன்ற கறுப்பு நார் வேறு, அதைச் சுற்றியிருக்கிற மென்மையான தசை வேறு. சாதாரண உருக்குக் கத்தி நாரில் மழுங்கும். மழுங்கிய பிறகு வெட்டாது, நாரைப் பிடித்துப் பிடுங்கும். 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்ற பிறகு ஆண்டுக்கணக்கில் கையால் அரிந்து, கையால் சீவி வேலை செய்தவன் நான். பனை எந்தப் பக்கமாகச் சீவினால் பிய்யும் என்று என் கைக்குத் தெரியும். கண்காட்சியில் அந்த மெசினுக்குள் ஒரு பனந்துண்டை விட்டிருந்தால் கைக்குத் தெரிந்தது கண்ணுக்கும் தெரிந்திருக்கும்.

ஆகவே துண்டுகளைக் கொடுத்து, "அண்ணை, இதை ஒருக்கா விட்டுக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். பனையை மூன்று தரம் விடச் சொல்லுங்கள். மூன்றாம் தரம் சத்தம் முதல் தரம் போலவே இருக்கவேண்டும். வேம்பு குறுக்கும் மறுக்குமாக நார் ஓடுகிற மரம், அதில் பிய்யாமல் வந்தால் நம்பலாம். வந்த துண்டை வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடியுங்கள். புறங்கையால் தடவுங்கள், உள்ளங்கை தொழிலில் காய்த்துப் போயிருக்கும். இரண்டு நுனியிலும் பள்ளம் விழுந்திருக்கிறதா பாருங்கள். சிலர் மறுப்பார்கள். கத்தி பழுதாகும் என்பார்கள். சண்டை வேண்டாம், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கூடத்துக்குப் போங்கள்.

கத்தி உருளையைத் திறந்து காட்டச் சொல்வதும் உங்கள் உரிமை. நீளமான இரண்டு மூன்று கத்தி பூட்டியதா, அல்லது உருக்கைவிடக் கடினமான காபைட்டில் செய்த சின்னச் சதுரக் கத்திகள் சுருளாகப் பதித்ததா? இரண்டாவது வகை விலை கூட. ஆனால் ஒவ்வொரு சதுரத்துக்கும் நாலு விளிம்பு. ஒன்று மழுங்கினால் திருகாணியைத் தளர்த்தித் திருப்பிவிட்டால் புது விளிம்பு. பனையும் பாலையும் வேலை செய்கிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். மாற்றுக் கத்தி, பெல்ட், பெயாரிங் யாழ்ப்பாணத்தில் எந்தக் கடையில் இருக்கிறது என்று கேளுங்கள். கடையின் பெயரைச் சொன்னால் வீட்டுக்குப் போகமுதல் அந்தக் கடைக்குப் போய்ப் பாருங்கள்.

பெட்டியில் ஒட்டியிருக்கிற குதிரைவலுவை நம்பவேண்டாம். மோட்டரில் அடித்த தகட்டைப் பாருங்கள். ஒரு குதிரைவலு 746 வாட். 230 வோல்ட்டில் 10 அம்பியர் எடுக்கிற மோட்டருக்கு உள்ளே போவதே 2,300 வாட்டுக்கு மேல் இல்லை. 5 குதிரைவலு என்றால் 3,730 வாட் வெளியே வரவேண்டும். கணக்கு ஒத்துவராவிட்டால் அந்த ஒட்டுத்தாள் பொய். உங்கள் பட்டறைக்குத் தனிப் பேஸா, மூன்று பேஸா என்பதை முதல்நாளே மீட்டரில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.

வட்டவாளும் பார்ப்பீர்கள் என்றால் அலகின் நடுத்துளையைக் கேளுங்கள். ஐரோப்பிய மெசினில் 30 மில்லிமீற்றர், வேறு பலவற்றில் 25.4. துளை பொருந்தாத அலகு உங்களுக்கு வெறும் தகடு. அலகின் தடிப்பும் முக்கியம். 3.2 மில்லிமீற்றர் பல்லில் 25 வெட்டு வெட்டினால் 80 மில்லிமீற்றர் மரம் தூளாகப் போகும். முதிரையில் அது ஒரு முழுச் சட்டம்.

இனி ஊர். முற்றவெளிக் கண்காட்சி பொதுவானது. தளபாடமும் கட்டடச் சாமானும் வாகனமும் தின்பண்டமும் சேர்ந்திருக்கும், மரவேலை மெசின் சில கூடம்தான். ஆனால் விற்கிறவர் இலங்கையில் இருப்பார், பிறகும் பிடிக்கலாம். முதல் நாள் காலையில் போங்கள். பின்னேரம் குடும்பங்கள் வந்து நிறைந்த பிறகு ஒருவருக்கும் உங்களோடு ஆறுதலாகக் கதைக்க நேரம் இராது.

பெங்களூரில் துமகூரு வீதிக் கண்காட்சி மையத்தில் நடக்கிற இந்தியாவுட் முழுக்க முழுக்க எங்கள் தொழிலுக்கானது. மெசின், பசை, பூச்சு, கீல், பலகை என்று மண்டபம் மண்டபமாக இருக்கும். ஒரு நாள் காணாது. பலாலியில் ஏறிச் சென்னை, அங்கிருந்து ரயிலில் பெங்களூர். விசாவுக்கும் பார்வையாளர் பதிவுக்கும் முன்கூட்டியே ஓடுங்கள். மரத்துண்டை விமானத்தில் கொண்டுபோகவேண்டாம், தாவரச் சோதனையில் நிற்கும். தமிழ்நாட்டில் பனைக்குப் பஞ்சமில்லை, வழியில் ஒரு துண்டு வாங்கலாம். இந்தியாவிலும் இங்கே போல 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் (மின்சாரம் விநாடிக்கு ஐம்பது தரம் அலைகிறது), ஆகவே மெசின் இங்கே ஓடும். முதல் மெசினுக்குப் பெங்களூர் தேவையில்லை, முற்றவெளிக்குப் போங்கள். இரண்டாவது மெசின் வாங்குகிற காலத்தில் கூட்டாளியோடு பெங்களூர் போய்ப் பாருங்கள். என் மகனைச் சேர்த்துக்கொண்டு போனாலும் எனக்குச் சந்தோசம்.

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கிற அக்கா அங்கே ஒரு மரவேலைக் கண்காட்சியில் வட்டவாள் மேசை ஒன்று நல்ல மலிவாகப் பார்த்தாராம். கப்பலில் போடட்டுமா என்று கேட்கிறார். டிரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாம்தானே?
- சுன்னாகம் வாசகர்

பதில்: அக்காவின் அன்புக்கு நன்றி சொல்லுங்கள், மேசையைப் போடவேண்டாம் என்றும் சொல்லுங்கள். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் வோல்ட்டை மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. அந்த மேசையில் இருக்கிற தூண்டல் மோட்டர் இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து ஓடும். நிமிடத்துக்கு 3,450 சுற்று, ஏறத்தாழ 2,875 ஆகும். மோட்டரும் சூடேறும். கைத்துளைப்பான், கைரூட்டர் போன்ற கரிக்கட்டை மோட்டர்ச் சாமான்கள் ஹேர்ட்ஸைப் பொருட்படுத்தா. அவை டிரான்ஸ்போமரில் ஓடும். அக்கா அனுப்ப விரும்பினால் நல்ல உளிச் செட் ஒன்றும் காபைட் அலகுகளும் அனுப்பட்டும். அலகு என்றால் நடுத்துளையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அங்கே பத்து அங்குல அலகுக்குத் துளை ஐந்தெட்டு அங்குலம்.

கேள்வி: ஐயா, என் கணவர் பதினைந்து வருடமாகத் தச்சுவேலை. இரவில் இருமல். போன வருடம் வட்டவாளில் சுட்டுவிரல் நுனியும் போனது. இப்போது கண்காட்சிக்குப் போய்ப் புது வாள் வாங்கப்போகிறார். நானும் கூடப் போகிறேன். நான் என்ன கேட்கவேண்டும்?
- வட்டுக்கோட்டை வாசகி

பதில்: தங்கச்சி, கட்டாயம் கூடப் போங்கோ. வாளின் விலையை அவர் கேட்கட்டும். இரண்டு கேள்வியை நீங்கள் கேளுங்கள்.

முதலாவது, அலகுக்குப் பின்னால் நிற்கிற பிளவுத் தகடு. அரிந்த மரம் மூடிக்கொண்டு அலகைப் பிடிக்காமல் தடுப்பது அதுதான். பிடித்தால் மரம் ஆளை நோக்கிப் பாயும், கை அலகுக்குப் போகும். அலகு ஏறி இறங்கும்போது தகடும் கூட ஏறி இறங்குகிறதா என்று இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்சிக்கு வைத்த மெசினில் அது கழற்றியிருந்தால் எங்கே என்று கேளுங்கள். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லாண்டா மரவேலைக் கண்காட்சியில் சோஸ்டொப் என்ற வாளை முதன்முதலாகக் காட்டினார்கள். அலகு தோலில் பட்டதும் மின்சாரத்தால் உணர்ந்து, ஆயிரத்தில் ஐந்து பங்கு விநாடிக்குள் நின்றுவிடும். விரலுக்குப் பதிலாகத் தொத்திறைச்சியை வைத்துக் காட்டுவார்கள். விலை எங்கள் கைக்கு எட்டாது. பிளவுத் தகடு எட்டும்.

இரண்டாவது, தூள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1995இல் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது. மூக்குக்குள் வருவது. நிலத்தில் கிடக்கிற சீவல் அவ்வளவு தீங்கில்லை. கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் நிற்பதுதான் நெஞ்சுக்குள் போகிறது. தூள் உறிஞ்சி விற்கிறவரிடம் பையின் துணி எத்தனை மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை சின்னத் தூளைப் பிடிக்கும் என்று கேளுங்கள். 30 என்றால் நுண்தூள் மற்றப் பக்கத்தால் வெளியே வந்து திரும்பவும் உங்கள் கணவரின் மூக்குக்குத்தான் போகும். 1 என்று சொன்னால் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். குழாய் நாலு அங்குலத்துக்குக் குறையக்கூடாது. காசு காணாவிட்டால் வாளைச் சின்னதாக வாங்கி உறிஞ்சியை நல்லதாக வாங்குங்கள். முதிரை அரிகிற நாளில் கழுத்தும் கையும் கடித்துச் சிவக்கிறதா என்றும் அவரைக் கேளுங்கள், அந்தத் தூள் தோலுக்கு ஆகாது. அன்றைக்கு நீட்டுக் கைச் சட்டை, என்95 முகமூடி, வேலை முடிய முழுக்கு.

கண்காட்சிக்கு முதல் இந்தக் கிழமையே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் நெஞ்சைக் காட்டுங்கள். வைத்தியரிடம் மரவேலை என்று சொல்லுங்கள், என்ன மரம் என்றும் சொல்லுங்கள். அவர் போகமாட்டேன் என்றால் எனக்கு எழுதுங்கோ, நானே வட்டுக்கோட்டைக்கு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.