வீட்டுக் கணக்கு: சோலாரா, மொட்டைமாடியா?

கேள்வி: 20 வருஷத்துக்கு முன் கட்டிய சொந்த வீடு, மாடியில் குடியிருக்கிறோம். ஏப்ரல் - மே கரண்ட் பில் 820 யூனிட். கையில் 2 லட்சம் இருக்கிறது. சோலார் போடலாம் என்கிறான் மகன். மொட்டைமாடியில் கூலிங் டைல்ஸ் ஒட்டினால் போதும் என்கிறார் கணவர். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: இரண்டு பேருமே ஃபேனை மறந்துவிட்டார்களே அம்மா!

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற, மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த புது ஃபேனுக்கு 30 வாட் போதும். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கே இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். நாலு ஃபேனுக்குச் சுமார் 130. இந்த யூனிட்டெல்லாம் பில்லின் உச்சியிலிருந்து கழியும் என்பதுதான் விசேஷம். 2024 ஜூலை கட்டணப்படி 601 - 800 படியில் யூனிட் 9.65 ரூபாய், அதற்கு மேல் 10.70. ஆக, கோடை பில்லில் 1,270 ரூபாய் குறையும். ஃபேன் ஒன்று 3,000 என்றாலும் இரண்டு வருஷத்தில் போட்ட காசு கைக்கு வந்துவிடும். நான் பார்த்தவரை வேறெந்த மராமத்தும் இவ்வளவு சீக்கிரம் முதலைத் திருப்பித் தந்ததில்லை.

அடுத்து உங்கள் வீட்டுக்காரர் சொல்வது. ராத்திரி 8 மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, உட்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள் (ஃபேனை நிறுத்திவிட்டு!). சுவரைவிடச் சூடாக இருந்தால், பகலில் வாங்கிய வெயிலைத் தளம் இப்போது கீழே இறக்குகிறது என்று அர்த்தம். ஏசி ராத்திரியெல்லாம் அதோடுதான் மல்லுக்கட்டுகிறது. வெள்ளை டைல்ஸோ கூல் ரூஃப் பெயிண்ட்டோ அடித்தால் அது குறையும். கடைக்காரர் பத்து டிகிரி என்பார். அது தளத்தின் மேற்பரப்புக்குச் சரி. அறைக்குள் இரண்டு, மூன்று டிகிரி கிடைத்தாலே லாபம். ஏசியை 20-இலிருந்து 24-க்கு ஏற்றிவிடலாம். டிகிரிக்கு 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும்.

ஆனால் முதலில் தண்ணீர் போகும் குழாயை அடைத்து, மாடியில் ஒரு நாள் தண்ணீர் கட்டி நிறுத்துங்கள். ஓதம் தெரிந்தால் விரிசலை அடைத்த பிறகுதான் பெயிண்ட். கொத்தனார் "மேலேயே அடிச்சா ஒழுகலும் நின்னுடும்" என்றால் நம்பாதீர்கள், அடுத்த மழைக்கே உரிந்துவிடும். டைல்ஸ் என்றாலும் வருஷா வருஷம் பங்குனியில் கழுவிவிட வேண்டும். தூசி படிந்தால் வெள்ளைக்கு வேலையில்லை.

மேற்குப் பக்க ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டுங்கள். உள்ளே திரை போடுவதில் பிரயோஜனம் குறைவு. வெயில் ஏற்கனவே கண்ணாடி தாண்டி வந்துவிடுகிறதே.

உங்கள் மகனிடம் சோலாரை ஒரு கோடை தள்ளிப்போடச் சொல்லுங்கள். 1 கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இன்றைய 820-க்கு 3 கிலோவாட் கேட்பீர்கள். பில் 500 பக்கம் இறங்கினால் 2 போதும். மத்திய அரசின் சூர்ய கர் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000, 2 கிலோவாட்டுக்கு 60,000. மானியம் 18,000 குறைகிறதே என்று பெரியதைப் போடாதீர்கள். அந்த மூன்றாவது கிலோவாட்டுக்கு அதைவிட அதிகம் கையிலிருந்து போகும்.

டைல்ஸ் ஒட்டும்போதே பேனல் கால்கள் எங்கே வரும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு டைல்ஸை உடைத்துத் துளை போட்டால், அங்கேதான் முதலில் ஒழுகும்.