கேள்வி: காவேரிப்பட்டணத்தில் சிறிய ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கணக்கு எழுதவும் வரி ரிட்டர்ன் போடவும் ஆள் வைக்க வேண்டுமா, நானே செய்துகொள்ளலாமா?

பதில்: முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பதினாறு ஆண்டுகளாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறேன். ஊரில் 'ஆடிட்டரம்மா' என்பார்கள். நான் ஆடிட்டர் இல்லை. தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை பட்டயக் கணக்காளருக்கு மட்டுமே. நான் தேர்வு எழுதிப் பதிவு செய்துகொண்ட ஜிஎஸ்டி பிராக்டிஷனர், அதாவது பிறருக்காக ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுபவள், அவ்வளவுதான். "ஆள் வையுங்கள்" என்று நான் சொன்னால் அதில் என் பிழைப்பும் இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே படியுங்கள்.

ரிட்டர்ன் போட ஆள் வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடக் கணக்கை நீங்களே எழுதுங்கள். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒருவர் தலையில் ஏற்றுவதால்தான் வம்பு வருகிறது.

போச்சம்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். உங்களைப் போலவே ஹார்டுவேர் கடைதான். மார்ச் மாதக் கடைசி வாரம். மஞ்சள் பையை என் மேசையில் கவிழ்த்தார். நாள்காட்டியில் கிழித்த தாள்கள் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக் கட்டாக விழுந்தன. பின்பக்கமெல்லாம் கடன் கணக்கு: 'மேஸ்திரி 4,200', 'கோயில் பெயிண்ட் பாக்கி'. எந்த மேஸ்திரி என்று கேட்டேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கொள்முதல் பில்களில் பாதி, சூடுபட்டு எழுத்து விழும் அந்த வழவழப்புத் தாளில் அடித்தவை. டெம்போவின் முன்கண்ணாடி ஓரமாகக் கிடந்து வெயிலில் வெறும் வெள்ளைத் தாளாகியிருந்தன. "அக்கா, இதில் பதினோராயிரம் இருந்தது" என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். இருந்திருக்கும். அந்தத் தாளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்திருந்தாலே போதும். ஒரு ஜெராக்ஸ் இரண்டு ரூபாய்.

இப்படி வரும் பையிலிருந்து எந்த ஆடிட்டராலும் உண்மையான கணக்கை எடுக்க முடியாது. எதையாவது ஒரு எண்ணைத்தான் எடுப்போம்.

ஆகவே ஒரு நீள நோட்டு வாங்குங்கள். டேலி, எக்செல் என்ற கணினிக் கணக்கெல்லாம் பிறகு. காலையில் கல்லாவில் இருந்தது, அன்றைய ரொக்க விற்பனை, யுபிஐயில் வந்தது, கடன் கொடுத்தது, பழைய கடன் வசூல், சரக்கு வாங்கியது, செலவு, இரவில் கல்லாவில் எண்ணியது. ஷட்டரை இழுப்பதற்கு முன் பத்து நிமிட வேலை. நோட்டுக்கும் கல்லாவுக்கும் முந்நூறு, நானூறு உதைக்கும்போது பெரும்பாலும் திருட்டு இருக்காது. வீட்டுக்குக் காய்கறி வாங்க எடுத்த பணமாக இருக்கும். அந்தப் பத்தியை யாருமே எழுதுவதில்லை. 'வீட்டுக்கு எடுத்தது' என்று தனியாக ஒரு பத்தி போடுங்கள். கடை நஷ்டத்தில் ஓடுகிறது என்று என்னிடம் வந்து புலம்பிய இருவருக்கு, கடை லாபத்தில்தான் ஓடியது என்பதை அந்தப் பத்திதான் காட்டிக்கொடுத்தது.

வங்கிக் கணக்கையும் பிரித்துவிடுங்கள். 2025 ஜூலையில் பெங்களூருவில் சிறு கடைக்காரர்களுக்கு, யுபிஐ வரவை வைத்து ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. 'ரொக்கம் மட்டும்' என்று அங்கே கடைகளில் அட்டை தொங்கவிட்டார்கள். அந்த வாரம் ஓசூரிலிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளுக்கு அளவே இல்லை. பயப்பட வேண்டியது யுபிஐயைப் பார்த்து அல்ல. சீட்டுப் பணம், மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்று, மகனின் விடுதிக் கட்டணத்துக்காக அண்ணன் அனுப்பியது எல்லாம் கடையின் க்யூஆர் அட்டை வழியாகவே வந்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அத்தனையும் விற்பனைதான்.

ஜிஎஸ்டி பதிவு தேவையா? தமிழ்நாட்டுக்குள்ளேயே சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால் கட்டாயம். 1.5 கோடி வரை காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் சேரலாம். வணிகருக்கு விற்பனையில் 1 சதவீதம். எளிது என்று எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஹார்டுவேர் கடைக்கு நான் உடனே தலையாட்ட மாட்டேன். காம்போசிஷனில் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது, வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. ஒப்பந்ததாரர்கள் வரி பில் கேட்பார்கள். கிடைக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவார்கள். இன்னொன்று, வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது. அத்திப்பள்ளியில் வீடு கட்டும் சொந்தக்காரருக்கு உங்கள் வண்டியில் பத்துப் பெட்டி டைல்ஸ் அனுப்பினாலும் அது கர்நாடகம்தான். கொள்முதல் பில்லில் ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகம். உங்கள் எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்கள்.

வருமான வரியில், 2 கோடிக்குள் விற்பவர் விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டிவிடலாம். வங்கி, யுபிஐ வழியாக வந்த பகுதிக்கு 6 சதவீதம். சட்டப் பிரிவின் எண்ணை வைத்து 44ஏடி என்று ஊரே அறிந்த முறை இது. 2026 ஏப்ரல் முதலான புதிய சட்டத்தில் பிரிவு எண் வேறு. கணக்குப் புத்தகம் கட்டாயமில்லை என்பதை 'கணக்கே வேண்டாம்' என்று புரிந்துகொள்கிறார்கள். உண்மை லாபம் அதைவிட அதிகமென்றால் அதைத்தான் காட்ட வேண்டும். அது எவ்வளவு என்று நோட்டு இல்லாமல் எப்படித் தெரியும்? இந்த முறையில், ஆண்டு முடியுமுன்பே கட்ட வேண்டிய முன்வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையில் கட்டிவிடலாம்.

உங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் இதையும் சொல்கிறேன். தோப்புக்காரருக்கு மாங்காயில் வருவது விவசாய வருமானம், வரி இல்லை. பூ பிடிக்கும்போதே தோப்பைக் குத்தகை பேசி, காயைப் பறித்து மாங்கூழ் ஆலைக்கு ஏற்றுபவருக்கு அது வியாபார வருமானம். கடையோடு மாங்காய்க் குத்தகையும் பார்ப்பவர்கள் இதை ஒளிப்பதில்லை, தெரியாமல்தான் விட்டுவிடுகிறார்கள்.

இனி ஆள் வைப்பது. ஜிஎஸ்டி தளத்தில் பதிவான கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். போச்சம்பள்ளிக்காரருக்கு முன்பு பார்த்த ஆலோசகர் தன் எண்ணையே போட்டிருந்தார். அவர் தொழிலை விட்டுவிட்டார். ஆறு மாதம் ரிட்டர்ன் போகவில்லை, நோட்டீஸ் எல்லாம் அவருடைய மின்னஞ்சலில் தூங்கியது, பதிவு ரத்தாகிவிட்டது. மொத்த வியாபாரி ஒருவர் "உங்கள் நம்பர் செல்லவில்லை" என்று சொன்னபோதுதான் இவருக்குத் தெரிந்தது. ரத்து ஆணை வந்த 90 நாளுக்குள் மீட்கக் கேட்கலாம், ஆனால் விடுபட்ட ரிட்டர்ன்களைப் போட்டாக வேண்டும். 3பி என்ற மாத ரிட்டர்ன் ஒன்றுக்கு நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். அவர் அளவு விற்பனைக்கு உச்சம் 2,000 ரூபாய். ஆறுக்கு 12,000, வரிக்கு 18 சதவீத வட்டி தனி. விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு என்பதை மறக்காதீர்கள்.

எங்களை மட்டும் உத்தமர்களாக்கிவிடக் கூடாது. 2018இல், கடைசித் தேதி இரவு, தளம் நகரவே இல்லை. மத்திய வரி, மாநில வரி என்று இரண்டு கட்டத்தில் பிரித்துப் போட வேண்டிய 18,400 ரூபாயை, வெளிமாநில விற்பனைக்கான ஒருங்கிணைந்த வரிக் கட்டத்தில் கட்டிவிட்டேன். ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணத்தை மாற்றும் பிஎம்டி-09 படிவம் 2020இல்தான் வந்தது. அன்று மீண்டும் கட்டுவதைத் தவிர வழியில்லை. கடைக்காரரிடம் கேட்க வாய் வரவில்லை. என் நகை அடகுக்குப் போனது. தவறு யாருக்கும் வரும். அதனால், கட்டிய சலானையும் போட்ட ரிட்டர்னையும் மாதாமாதம் கேட்டு வாங்கிப் பாருங்கள். முகம் சுளிப்பவரிடம் தொடர வேண்டாம்.

உங்கள் வீட்டில் யாராவது ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலையில் இருந்தால், "பிடித்த வரியை முழுவதும் திருப்பி வாங்கித் தருகிறேன், அதில் பத்து சதவீதம் கொடு" என்பவரை வாசலோடு அனுப்பச் சொல்லுங்கள். கட்டாத வாடகையையும் கொடுக்காத நன்கொடையையும் எழுதிவிட்டு அவர் போய்விடுவார். பிடிபட்டால் வரி, வட்டி, அதற்கு மேல் வரியில் 200 சதவீத அபராதம், எல்லாம் ரிட்டர்ன் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு.

கட்டணம் பேசும்போது, நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவதும் அந்தத் தொகைக்குள் அடங்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பேசப் போவதை மாத முதல் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 3பி போடக் கடைசி நாளான இருபதாம் தேதி மாலையில் எங்கள் தொழிலில் யாருக்கும் காது கேட்காது.