கடைசி வாரம் வரை காத்திருந்தால் கப்பல் டிக்கெட் பாதி விலைக்குக் கிடைக்குமா?

இந்த முறை வந்த கேள்விகளில் கப்பல் பயணம் பற்றியவை மட்டும் ஒரு கட்டு இருந்தன. பாதிப் பேர் கேட்டிருப்பது ஒரே விஷயம்தான், விலை எப்போது இறங்கும் என்று. சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கே: சிங்கப்பூரில் இருக்கும் மகன் எங்களை டிசம்பரில் நான்கு நாள் குரூஸ் கூட்டிப் போகிறேன் என்கிறான். இப்போதே புக் செய்துவிடலாம் என்கிறான். பக்கத்து வீட்டுக்காரரோ, "கப்பல் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது பாதி விலைக்குத் தருவான், அவசரப்படாதீங்க" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகி, திருச்சி

ப: மகன் பேச்சை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது பொய் இல்லை, ஆனால் அது வேறு யாருக்கோ பொருந்துகிற உண்மை. சிங்கப்பூரில் நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடியும் வரை பள்ளி விடுமுறை. அந்த ஆறு வாரமும் மெரினா பே முனையத்திலிருந்து கிளம்பும் கப்பல்கள் குழந்தை குட்டிகளோடு தானாகவே நிரம்பிவிடும். தானாக நிரம்பும் கப்பலில் எவன் விலையைக் குறைப்பான்?

அப்படியே குறைந்தாலும் உங்களுக்கு என்ன லாபம் என்று பாருங்கள். ஒரு வாரத்தில் விசா எடுக்க வேண்டும். கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய் அங்கேயே திரும்பி வருவதால், ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசாவாக அது இருக்க வேண்டும். அப்புறம் விமானம். டிசம்பரில் கடைசி வாரத்தில் இரண்டு பேருக்கு திருச்சி–சிங்கப்பூர் டிக்கெட் வாங்கினால், கப்பலில் மிச்சம் பிடித்ததை அங்கே கொட்டியிருப்பீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் வழி யாருக்கு என்றால், சிங்கப்பூரிலேயே தனியாக இருக்கும் பையனுக்கு, லீவு கையில் இருந்து முனையத்துக்குப் பக்கத்திலுள்ள மெரினா சவுத் பியர் ஸ்டேஷன் வரை எம்.ஆர்.டி. மெட்ரோ ரயிலில் போய்க் கப்பல் ஏறிவிடக் கூடியவனுக்கு. அல்லது மயாமிக்கும் ஃபோர்ட் லாடர்டேலுக்கும் பக்கத்தில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற அமெரிக்கர்களுக்கு. அவர்கள் செவ்வாய்க்கிழமை விலையைப் பார்த்துவிட்டு சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விடுவார்கள்.

கே: ஒரே கப்பல், ஒரே தேதி, ஒரே வகை அறை. திங்களன்று ஒரு விலை, வியாழனன்று வேறு விலை. போன வாரம் பால்கனி அறை, ஜன்னலே இல்லாத உள் அறையைவிட மலிவாக இருந்தது! இதில் ஏதாவது கணக்கு இருக்கிறதா, இல்லை இஷ்டத்துக்குப் போடுகிறார்களா?
— வாசகர், கோயம்புத்தூர்

ப: கணக்கு இருக்கிறது. விமானத்தோடு வைத்துப் பார்த்தால் சட்டென்று புரியும். கடைசி நாளில் விமான டிக்கெட் வாங்குகிறவர் போயே ஆக வேண்டியவர். ஒரு சாவு, ஆபீஸ் வேலை, கோர்ட் கேஸ் ஏதோ ஒன்று இருக்கும், அதனால் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார். கப்பலில் போயே ஆக வேண்டியவர் எவரும் இல்லை. இங்கே நெருக்கடி கம்பெனிக்குத்தான். அறை காலியாகப் போனால் டிக்கெட் பணம் மட்டுமா போகிறது? அதில் வந்திருக்க வேண்டிய இரண்டு பேர் குடித்திருக்கும் பீர், காசினோவில் விட்டிருக்கும் காசு, வைஃபை, ஸ்பா, கரையில் இறங்கிப் போகும் டூர் எல்லாம் சேர்ந்து போகிறது. பெரிய கம்பெனிகளின் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் இப்படிக் கப்பலுக்குள் வசூலாகும் பணம்தான். அதனால்தான் காலியாக விடுவதைவிடக் குறைந்த விலைக்காவது ஆளை ஏற்றிவிடப் பார்க்கிறார்கள்.

விலை அதிகமாக ஆடுவது கிளம்புகிற வாரத்தில் என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அது அதற்கு வெகு முன்னாலேயே நடக்கிறது. முழுப் பணமும் கட்ட ஒரு கெடு உண்டு, கம்பெனியையும் பயண நீளத்தையும் பொறுத்துப் பெரும்பாலும் கிளம்புவதற்கு 75 முதல் 120 நாள் முன்னால். அதுவரை சின்ன அட்வான்ஸ் கட்டி இரண்டு மூன்று தேதிகளில் அறை பிடித்து வைத்திருப்பவர்கள் கெடு வந்ததும் வேண்டாததைக் கைவிடுவார்கள். அறைகள் மொத்தமாகத் திரும்பி வரும். எத்தனை வந்தது, எத்தனை போனது என்று பார்த்து அந்த ஓரிரு வாரத்தில் விலை மேலும் கீழும் போகும். மார்க்கெட் கலையும் நேரத்துக் கொத்தமல்லி கூறு மாதிரி கடைசி நாளில் வாரிக் கொடுப்பது இப்போதெல்லாம் குறைவு. அப்படிக் கொடுத்தால் முன்கூட்டியே வாங்கியவர்கள் அடுத்த தடவை காத்திருக்கப் பழகிவிடுவார்கள் அல்லவா? வட அமெரிக்காவில் கடைசி நேரத் தள்ளுபடியை நிறுத்துகிறோம் என்று ராயல் கரீபியன் கப்பல் கம்பெனி 2015-லேயே வெளிப்படையாக அறிவித்தது.

பால்கனி மலிவாக இருந்த விஷயம். ஒவ்வொரு வகை அறைக்கும் விலை தனித்தனியாக ஓடுகிறது. மலிவான உள் அறைகள் முதலில் விற்றுத் தீரும், மிஞ்சிய நாலைந்துக்கு விலை ஏறும். புதிய கப்பல்களில் பால்கனி அறைகள்தான் அதிகம் என்பதால் அவை தேங்கி நின்று விலை இறங்கும். கண்ணில் பட்டால் யோசிக்காமல் பால்கனியை எடுங்கள். சூட் (suite) எனப்படும் பெரிய சொகுசு அறைகளில் மட்டும் இந்த விளையாட்டை எதிர்பார்க்காதீர்கள், எண்ணிக்கை கொஞ்சம், பெரும்பாலும் முன்னாலேயே போய்விடும்.

கே: முழுப் பணமும் கட்டி மூன்று வாரம்தான் ஆகிறது. இப்போது அதே அறை 150 டாலர் குறைவாகக் காட்டுகிறது. வித்தியாசத்தைத் திருப்பித் தருவார்களா?
— வாசகர், சிங்கப்பூர்

ப: கெடு தாண்டிவிட்டது என்றால் பணமாகக் கிடைப்பது கஷ்டம். ரத்து செய்துவிட்டுப் புதிதாக வாங்கலாமே என்று தோன்றும், வேண்டாம். அபராதம் நாள் நெருங்க நெருங்க ஏறிக்கொண்டே போய், கடைசி சில வாரங்களில் முழுத் தொகையையும் விழுங்கிவிடும். ஆனால் கேட்டுப் பாருங்கள். அதே பணத்துக்கு ஒரு படி மேலான அறையோ, கப்பலுக்குள் செலவழிக்கக் கொஞ்சம் கிரெடிட்டோ தருவது உண்டு.

கெடுவுக்கு முன்னால் இறங்கியிருந்தால் கதையே வேறு. ஏஜென்டுக்கு ஒரு போன் போட்டால் பல கம்பெனிகள் புது விலைக்கு மாற்றிக் கொடுத்துவிடும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. புது விலைக்கு மாறும்போது பழைய சலுகை, இலவச வைஃபை மாதிரி, போய்விடலாம். அட்வான்ஸ் திரும்பாத வகை டிக்கெட் என்றால் மாற்றுவதற்கே தனிக் கட்டணம் இருக்கலாம். அதனால் விளம்பர விலையைப் பார்க்காமல் கடைசி மொத்தத்தைப் பாருங்கள், துறைமுக வரியும் டிப்ஸும் சேர்த்து. அமெரிக்கக் கப்பல்களில் டிப்ஸ் மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 16 முதல் 20 டாலர், நான்கு பேர் ஏழு நாள் போனால் 450-லிருந்து 560 டாலர் வரை. இது பெரிய எழுத்தில் போட்ட விலையில் பெரும்பாலும் இருக்காது.

கே: "கேரண்டி அறை" எடுத்தால் மலிவு என்கிறார் ஏஜென்ட். அறை எண் பின்னால் வருமாம். நம்பலாமா?
— வாசகி, சென்னை

ப: நம்பலாம், ஏமாற்று இல்லை. நீங்கள் வகையை மட்டும் தேர்ந்தெடுக்கிறீர்கள், எண்ணைக் கம்பெனி தன் வசதிக்குப் போடுகிறது, சில சமயம் கிளம்பச் சில நாள் இருக்கும்போதுதான் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் கட்டியதைவிட நல்ல அறை கிடைக்கும். எனக்கு ஒருமுறை கிடைத்தது கப்பலின் மூக்குப் பக்கம், நங்கூரத்துக்கு நேர் மேலே. விடியற்காலை ஐந்தரைக்குச் சங்கிலி இறங்கிய சத்தத்தில் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு அறை எடுப்பதாக இருந்தால் மட்டும் வேண்டாம், ஒன்று ஐந்தாம் தளத்திலும் இன்னொன்று பத்தாம் தளத்திலும் விழுந்தால் அம்மா அப்பாவை எங்கே விட்டுவிட்டு நீங்கள் எங்கே படுப்பீர்கள்?

கே: இரண்டு பேர் என்று போட்டால் அறை காட்டுகிறது, நான்கு பேர் என்று போட்டால் எதுவும் இல்லை என்கிறது. ஆனால் படத்தில் நான்கு படுக்கை இருக்கிறதே?
— வாசகர், கோலாலம்பூர்

ப: படுக்கை இருக்கும், உயிர்காப்புப் படகில் இடம் இருக்காது. கப்பலில் ஒவ்வொரு பகுதிக்கும் ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடமும் படகும் ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தப் பகுதிக்கான எண்ணிக்கை நிரம்பிவிட்டால், அறை காலியாக இருந்தாலும் மூன்றாவது நான்காவது ஆளை ஏற்ற மாட்டார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் கடைசி நேரத்துக்குக் காத்திருக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு விலையைவிட இதுதான் பெரிய காரணம்.

கே: நான் தனி ஆள். அறை விலையில் பாதி கட்டினால் போதுமா?
— வாசகர், ஈரோடு

ப: ஆசைதான்! "ஒருவருக்கு இவ்வளவு" என்று போடும் விலை, ஓர் அறையில் இரண்டு பேர் இருப்பார்கள் என்று வைத்துப் போட்டது. தனியாகப் போனால் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணத்தையும் நீங்களே கட்ட வேண்டும். 2010-ல் வந்த நார்விஜியன் எபிக் கப்பலில் தனி ஆட்களுக்கென்றே 128 சின்ன அறைகள் கட்டினார்கள், அதற்குப் பிறகு வேறு சில கப்பல்களிலும் வந்தன. அந்த அறைகளும் சீக்கிரம் போய்விடும்.

கே: கப்பல் கிளம்ப ஒரு மாதம் இருக்கிறது. "பால்கனி அறைக்கு ஏலம் கேளுங்கள்" என்று கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. 60 டாலர் போடலாமா?
— வாசகி, பெங்களூரு

ப: தாராளமாகப் போடலாம். ஏற்கெனவே அறை எடுத்தவர்கள், மேலே இவ்வளவு தருகிறேன் என்று சொல்லி நல்ல அறைக்கு மாறக் கேட்பதுதான் இந்த ஏலம். விலையை ஊரறியக் குறைக்காமல் காலி அறைகளைத் தள்ளிவிட அவர்கள் கண்டுபிடித்த வழி இது. ஆனால் அந்த 60 டாலர் பெரும்பாலும் அறைக்கு இல்லை, ஆளுக்கு. ஏலம் ஏற்கப்பட்டால் உங்களை மறுபடி கேட்காமலே கார்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், திரும்ப வராது. இரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டுப் பட்டனை அழுத்துங்கள்.