கண் வறட்சிக்கு அழற்சி குறைக்கிற சொட்டு மருந்து: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

கண் சொட்டு மருந்து உருவாக்குற லேப்ல ஃபார்முலேஷன் பக்கம் வேலை பார்க்கிறேன். டாக்டர் கிடையாது, அதனால "எனக்கு எதைப் போடலாம்"னு கேட்டா பதில் வராது. மருந்து எப்படி உருவாகுது, ஏன் எரியுது, ஏன் இவ்ளோ லேட்டாகுது, இந்த மாதிரி எது வேணா கேளுங்க.

அக்கா, கண்ணு காயுதுன்னா ஈரமா ஏதாவது விட்டா போதாதா? இதுல அழற்சி எங்கேருந்து வந்துச்சு?

லேசா இருந்தா போதும். முத்திப் போனா கதையே வேற. கண்ணீர் கம்மியா சுரந்தாலோ சீக்கிரம் ஆவியானாலோ மிச்சம் இருக்கிற கண்ணீர்ல உப்பு அடர்த்தி ஏறிடும், அது கருவிழி மேல இருக்கிற செல்லை சீண்டும், அந்த செல் டிஎன்எஃப் ஆல்ஃபா, ஐஎல்-1 மாதிரி சிக்னல் விடும், அதைப் பார்த்து நோய் எதிர்ப்பு படையைச் சேர்ந்த டி செல் கிளம்பி வரும், வந்ததும் கண்ணீரை கண்ணுல ஒட்ட வைக்கிற மியூசினை சுரக்கிற கோப்லெட் செல்லெல்லாம் சாகும், அப்புறம் கண்ணீர் இன்னும் நிக்காது, உப்பு இன்னும் ஏறும். இந்தச் சுத்துதான் அழற்சி. செயற்கை கண்ணீர் உப்பைக் கொஞ்ச நேரம் கரைச்சு விடுது, டி செல்லை ஒண்ணும் பண்ணாது.

அப்போ ஸ்டீராய்டு போட்டா டக்குனு அடங்கிடுமே?

அடங்கும். ஆனா மாசக்கணக்குல போட்டா கண் அழுத்தம் ஏறும், புரையும் வரலாம். வறட்சியோ வருஷக்கணக்குல கூடவே இருக்கிற வியாதி. லோட்டிபிரெட்னால்னு ஒண்ணு இருக்கு, வேலை முடிஞ்சதும் கண்ணுல இருக்கிற என்சைமே அதை உடைச்சு செயலிழக்க வைக்கிற மாதிரி மூலக்கூறையே அப்படி டிசைன் பண்ணது. அதோட 0.25 சதவீத சொட்டுக்கு 2020-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி குடுத்தப்பவும் அதிகபட்சம் 2 வாரம்னுதான் எழுதினாங்க.

கண் வறட்சிக்கு எழுதிக் குடுக்கிற சைக்ளோஸ்போரின், கிட்னி மாத்தினவங்களுக்கு குடுக்கிறதுதானே மேடம்? கண்ணுல விட பயமா இருக்கு.

அதே மருந்துதான், அளவு வேற. 0.05 சதவீத சொட்டு போட்டவங்க ரத்தத்தை எடுத்துப் பார்த்தப்போ அளக்குற அளவுக்குக்கூட மருந்து இல்ல. இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், கண் சொட்டா இது முதல்ல நாய்க்கு வந்த மருந்து. ரெனீ காஸ்வான்னு ஜார்ஜியா பல்கலைக்கழகத்துல இருந்த கால்நடை கண் மருத்துவர்தான் கண்ணு காஞ்சு போன நாய்ங்களுக்கு இதைப் போட்டு திரும்ப கண்ணீர் வர வெச்சாங்க. மனுஷங்க கண்ணுல விட அனுமதி கிடைச்சது 2002 கடைசில.

அந்த சொட்டு ஏன் பால் மாதிரி இருக்கு?

இதுதான் என் ஏரியா, கொஞ்சம் நீளமா போகும். சைக்ளோஸ்போரின் பெரிய மூலக்கூறு, எடை 1200 கிட்ட, தண்ணில கரையவே கரையாது. அதனால விளக்கெண்ணெய்ல கரைச்சு, அந்த எண்ணெயை தண்ணிக்குள்ள பொடிப்பொடி துளியா உடைச்சு எமல்ஷனா பண்ணாங்க, அதான் வெள்ளையா தெரியுது. செய்யறதும் லேசு இல்ல. துளியைப் பொடியாக்குற ஹோமோஜினைசர் மெஷின்ல ஓட்டி எடுத்ததை, நாளாக ஆக கெடுதான்னு பார்க்கிற ஸ்டெபிலிட்டி சேம்பர்ல வெச்சு சில வாரம் கழிச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பார்த்தா, சில பாட்டில்ல மேலாப்ல மெல்லிசா ஒரு வெள்ளை வளையம் ஏறியிருக்கும். எண்ணெய் பிரியுதுன்னு அர்த்தம், அந்த பேட்ச் அவ்ளோதான். ஸ்டெரைல் பண்ணலாம்னு சூடு பண்ணா எமல்ஷன் உடையும், 0.2 மைக்ரான் ஃபில்டர்ல விட்டா பெரிய துளி அடைச்சுக்கும்.

இவ்ளோ பாடுபட்டு கண்ணுல விட்டா, கண்ணுல நிக்கிற கண்ணீரே 7 மைக்ரோலிட்டர் கிட்டதான், நாம விடுற சொட்டு 30-லேருந்து 50. நாலு தடவை சிமிட்டினா முக்கால்வாசி கன்னத்துல, மிச்சம் மூக்குக்குள்ள. அதனாலதான் 2018-ல 0.09 சதவீத சைக்ளோஸ்போரினை நானோமைசெல்ங்கிற ரொம்பப் பொடி உருண்டைக்குள்ள அடைச்சு தெளிவான திரவமா கொண்டு வந்தாங்க, 2023-ல தண்ணியே இல்லாத ஃபுளோரின் சேர்மத் திரவத்துல 0.1 சதவீதம் வந்துச்சு. தண்ணி இல்லேன்னா கிருமி வளராது, அப்போ பிரிசர்வேட்டிவ் வேண்டாம். பென்சால்கோனியம் குளோரைடு மாதிரி பிரிசர்வேட்டிவ் காஞ்ச கண்ணை இன்னும் புண்ணாக்குற சாமான், அது இல்லாததே பாதி வைத்தியம்னு நான் சொல்வேன்.

லிஃபிட்டெகிராஸ்ட்னு இன்னொரு அழற்சி சொட்டு போட்டா வாய் கசக்குதே, நார்மலா?

நார்மல்தான். கண்ணுலேருந்து மூக்கு வழியா தொண்டைக்கு இறங்குது. விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரம் இருக்கிற உள் மூலையை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிங்க.

மூணு மாசமா சைக்ளோஸ்போரின் போடுறேன், ஒரு மாற்றமும் இல்ல. ஏமாத்து வேலையா?

இல்லப்பா. அது புதுசா டி செல் கிளம்புறதைத்தான் தடுக்குது, ஏற்கனவே வந்து உக்காந்தது அடங்க நாளாகும். 2002 அனுமதிக்கு அடிப்படையான ட்ரயல்லயே 6 மாசம் கழிச்சுதான் அளந்தாங்க, பேப்பர் சொருகி கண்ணீர் எவ்ளோ தூரம் நனைக்குதுன்னு பார்க்கிற ஷிர்மர் டெஸ்ட்ல 10 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ கூடினவங்க 15 சதவீதம், மருந்தில்லாத சொட்டு போட்டவங்கள்ல 5 சதவீதம். வித்தியாசம் உண்மை, ஆனா எல்லாருக்கும் கேட்கிற மருந்து இல்ல. நிறுத்துறதா இருந்தா டாக்டர்கிட்ட கேட்டுட்டு நிறுத்துங்க.

இத்தனை கம்பெனி முயற்சி பண்ணியும் ஏன் விரல் விட்டு எண்ணுற அளவுதான் மருந்து வந்திருக்கு?

ஏன்னா ட்ரயல்ல போட்டி மாத்திரை ரூப டம்மியோட இல்ல, மருந்து மட்டும் இல்லாத அதே சொட்டோட. வெஹிக்கிள்னு சொல்வோம். காஞ்ச கண்ணுக்கு அந்த வெஹிக்கிளே இதமா இருக்கும், அவங்களும் "பரவால்ல"ன்னுதான் சொல்வாங்க. நான் நல்ல வெஹிக்கிள் பண்ணா என் மருந்துக்கு நானே எதிரியை வளர்க்கிறேன், இந்த வேலையோட கொடுமையே இதான். இன்னொண்ணு, டெஸ்ட்ல தெரியறதும் ஆளுக்குத் தெரியறதும் ஒத்துப்போகாது. லிஃபிட்டெகிராஸ்ட்டே முதல் பெரிய ட்ரயல்ல சாயம் விட்டுப் பார்த்தா கருவிழில தெரியற சேதப் புள்ளிகளைக் குறைச்சுது, தொந்தரவைக் குறைக்கல. ரெண்டாவதுல அப்படியே தலைகீழ். மூணாவதா ஒண்ணு நடத்தி, 2016-ல அனுமதி வாங்கினாங்க.

மீன் எண்ணெய் மாத்திரை போட்டா அழற்சி குறையுமா?

2018-ல வந்த டிரீம் ஆய்வுல தினம் 3 கிராம் ஒமேகா-3, ஒரு வருஷம் குடுத்தாங்க. ஆலிவ் எண்ணெய் மாத்திரை போட்டவங்களும் அதே அளவு தேறினாங்க.

லென்ஸ் போட்டுட்டே விடலாமா அக்கா? செயற்கை கண்ணீரும் கூட போடுறேன்.

லென்ஸைக் கழட்டிட்டு விடுங்க, 15 நிமிஷம் கழிச்சு மாட்டிக்கலாம். செயற்கை கண்ணீருக்கும் அதே 15 நிமிஷ இடைவெளி, இல்லேன்னா பின்னாடி விட்டது முன்னாடி விட்டதைக் கழுவிட்டுப் போயிடும்.