முதல் அழுத்தில் கணினி ஆன் ஆவதில்லை, ஸ்லீப்பிலிருந்தும் சில நேரம் எழுவதில்லை. ஏன்?

இரண்டும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் பவர் சப்ளையின் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை லைன்மேல்தான் (கணினி அணைந்திருக்கும்போதும் உயிரோடு இருக்கும் லைன்). பவர் பட்டனுக்காகக் காத்திருக்கும் சர்க்யூட்டுக்கும், ஸ்லீப்பில் ராமில் உள்ளதைக் காப்பதற்கும் அதுவே மின்சாரம் தருகிறது. சப்ளைக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகம்) வறண்டிருந்தால் குளிர்ந்த நிலையில் முரண்டு பிடிக்கும். சூடானதும் ஒழுங்காக ஓடும்.

சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு வரும் 24 பின் கனெக்டரை போர்டிலிருந்து கழற்றாமல், 9-ஆவது பின்னுக்கும் (பெரும்பாலும் ஊதா ஒயர்) கருப்பு ஒயருக்கும் இடையே மல்டிமீட்டரால் அளக்கவும். 4.75 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சப்ளையை மாற்றுங்கள். அதைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தேங்கியிருக்கலாம். அளவு சரியாக இருந்தாலும் சப்ளை நல்லது என்று சொல்லிவிட முடியாது, ரிப்பிள் (மின்னழுத்தத்தில் வரும் வேகமான ஏற்ற இறக்கம்) மல்டிமீட்டரில் சரியாகத் தெரியாது. வேறொரு சப்ளையைப் போட்டுப் பார்ப்பதே உறுதி.

அதிலும் தீரவில்லையா? விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை (வேகமாகத் தொடங்கும் வசதி) நிறுத்துங்கள், பயாஸில் எக்ஸ்எம்பி-யை (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணையுங்கள், ராமை ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவு தெரிந்தால் அதைத் துரத்தாதீர்கள்: முறையாக அணையவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது, காரணத்தை அல்ல.